கல்லில் இல்லாத கோடு

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய சிற்றூர் ஒன்றில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. அதன் தென்சுவரில் ஏழு வரிகளில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. நந்தா விளக்கு எரிப்பதற்காக ஆடுகள் கொடுத்த செய்தி. கும்பாபிஷேகத்துக்காகச் சுவர் முழுவதும் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதற்குள் படம் எடுத்து வைப்போம் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் போனேன். கோயில் பெரியவர்கள் அன்போடு அனுமதி கொடுத்தார்கள். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தெளிவாக்கி, ஆட்சியாண்டை ‘௰௬’, அதாவது 16 என்று படித்தேன். அவர்களிடமும் சொன்னேன். மகிழ்ந்துபோய், தெலுங்கிலும் தமிழிலும் ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டிவிட்டார்கள்.

ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது 16 அல்ல, 14 என்று. நான் பார்த்த ஒரு கோடு கல்லிலேயே இல்லை. சிற்பியின் உளி போடாத அந்தக் கோட்டை என் கம்ப்யூட்டர் போட்டிருந்தது.

அது எப்படி நேர்ந்தது, ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மென்பொருள்களைப் பயன்படுத்தும்போது எந்த முறையில் பயன்படுத்தினால் பிழை வராது என்பதை இங்கே விளக்குகிறேன். நம் சங்கக் குடும்பங்களில் நல்ல காமிரா வைத்திருக்கும் இளைஞர்கள் பலர். கல்வெட்டு வேண்டாம், கல்யாணப் படம்தான் எடுக்கிறேன் என்பவர்களுக்கும் இது உதவும்.

நம் ஊர்ச் சுவர்கள்

சித்தூர் மாவட்டம் உருவானது 1911-ல். 1960-ல் ஆந்திரமும் சென்னை மாநிலமும் எல்லையைச் சரிசெய்துகொண்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. 2022-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. இந்தக் கோடுகள் எல்லாம் நாம் போட்டவை. கல்வெட்டுகளுக்கு இவை தெரியா. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930-களில் தன் கோயில் கல்வெட்டுகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. குடிமல்லம் பரசுராமேஸ்வரர் கோயிலிலும் பல்லவர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பெரிய கோயில்களில் உள்ளவை படியெடுக்கப்பட்டு அச்சிலும் வந்துவிட்டன. சிற்றூர்க் கோயில் சுவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எப்போதும் கிடைப்பதில்லை. பெயிண்ட், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் ஆகிய மூன்றும் பக்தியோடுதான் வருகின்றன. ஆனால் எழுத்து போய்விடுகிறது.

தொல்லியல் துறையினர் செய்வது மைப்படி. கல்லைத் துலக்கி, ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. நம் போன்றவர்கள் கல்லைத் தொடாமல் செய்யக்கூடியது போட்டோ எடுப்பதுதான். அதனால்தான் அந்தப் போட்டோ பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்.

பெரிய காமிரா எதற்கு?

முன்பு ஸ்டுடியோக்களில் 120 ஃபிலிம் போடும் காமிரா வைத்திருந்தது பலருக்கு நினைவிருக்கும். யாஷிகா, ரோலிஃப்ளெக்ஸ் போன்றவை. வீடுகளில் இருந்த அக்ஃபா கிளிக் 3 கூட அதே ஃபிலிம்தான். 35 மி.மீ. ஃபிலிமைவிட அதன் நெகடிவ் பெரியது. இதைத்தான் மீடியம் ஃபார்மட் என்பார்கள். இப்போது டிஜிட்டலிலும் அந்த வகை உண்டு.

திருப்பதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் அண்ணன் மகன், பழைய காமிராவாக வாங்கியது ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ். 2017-ல் விற்பனைக்கு வந்த மாடல். அதன் சென்சார் 43.8 x 32.9 மி.மீ. வழக்கமான ஃபுல் ஃபிரேம் காமிராவின் சென்சார் 36 x 24 மி.மீ. பரப்பளவைப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு. படத்தில் அகலவாக்கில் 8256 புள்ளிகள், உயரவாக்கில் 6192 புள்ளிகள். இரண்டு மீட்டர் அகலச் சுவரை ஒரே படத்தில் எடுத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு புள்ளிகள் கிடைக்கின்றன. உளி போன தடத்தைப் பார்க்க இது போதும்.

ரா ஃபைல் ஒரு கழுவாத ஃபிலிம்

இந்தக் காமிரா இரண்டு விதமாகப் படத்தைத் தரும். ஒன்று ஜேபெக். காமிராவே சமைத்து இலையில் பரிமாறிய சாப்பாடு. மற்றொன்று ரா ஃபைல். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அப்படியே வந்து இறங்கும். சமைக்க வேண்டியது நாம்.

ரா ஃபைலில் முழுமையான வண்ணப்படம் கிடையாது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டி இருக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடக் கம்பெனியில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த இந்த அமைப்புக்கு 1976-ல் காப்புரிமை கிடைத்தது. ஒரு புள்ளிக்கு ஒரு நிறம்தான் தெரியும். மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதாவது படத்தில் உள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம்.

அதற்குப் பிறகு வெளிச்சத்தை ஏற்றி இறக்குவது, நிறம் சேர்ப்பது, கூர்மையாக்குவது என்று வரிசையாக வேலைகள். ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தன் வழியில் செய்கிறது. ஒரே ஃபிலிமை நான்கு ஸ்டுடியோவில் கழுவினால் நான்கு விதமாக வந்ததல்லவா, அதுபோல.

எதற்கு எது?

நான் பழகிய அளவில் சொல்கிறேன். அடோபியின் லைட்ரூம் ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தித் தேடி எடுக்க வசதியானது. கேப்சர் ஒன், மீடியம் ஃபார்மட் கருவிகள் செய்யும் டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் நிறுவனத்தில் பிறந்தது. காமிராவைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து எடுக்கும் வேலைக்கும் நிறங்களைத் தனித்தனியே திருத்துவதற்கும் அதைப் பலர் விரும்புகிறார்கள். இவை இரண்டும் காசு கொடுத்து வாங்குபவை. ராதெரபி, டார்க்டேபிள் இரண்டும் இலவசம். ராதெரபியில் எனக்குப் பிடித்தது ‘நியூட்ரல்’ என்ற நிலை. அதில் கூர்மையாக்கல் இல்லை, மெருகு இல்லை. நாமாகச் சொல்லாத எதையும் அது சேர்ப்பதில்லை. மற்றவற்றில் படத்தைத் திறந்தவுடனேயே கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. வேண்டாம் என்றால் நாம்தான் தேடி நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இவை எதுவும் ரா ஃபைலின் உள்ளே இருக்கும் படத்தை மாற்றுவதில்லை. நாம் செய்த திருத்தங்களைத் தனிக் குறிப்பாக எழுதி வைக்கின்றன. லைட்ரூம் தன் கேட்டலாகில் எழுதும். ராதெரபி பக்கத்தில் ஒரு சின்ன ஃபைலில் எழுதும். ஒன்று எழுதிய குறிப்பை மற்றொன்று பொதுவாகப் படித்துக்கொள்ளாது. ஆகவே ஒரு மென்பொருளில் செய்த வேலையை இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், படமாக மாற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காட்பாடியில் மூட்டை மாற்றியது

ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இந்த இடத்தில் காட்பாடி நினைவுக்கு வரும். சென்னை–பெங்களூரு பாதை பிராட் கேஜ், தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா பக்கம் வந்தது அந்நாளில் மீட்டர் கேஜ், 1000 மி.மீ. ஒரு பாதை வண்டி மற்றதில் ஓடாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை ஏற்றி இறக்கும்போதும் மூட்டை கிழியும், அரிசி சிந்தும், பானை உடையும். கேஜ் மாற்றம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் செய்தது இதுதான். அண்ணன் மகன் லைட்ரூமில் திறந்து ஜேபெக்காகக் கொடுத்தான். கல்யாணப் படங்களுக்காக அவன் வைத்திருந்த செட்டிங்கில் கூர்மையும் மெருகும் ஏற்கெனவே ஏறியிருந்தன. எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று நான் அதை வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி கூர்மையாக்கினேன். அதை ஜேபெக்காகச் சேமித்து, மூன்றாவது ஒன்றில் கருப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றினேன். மூன்று மென்பொருள், மூன்று தடவை மூட்டை மாற்றம்.

கூர்மையாக்குதல் என்றால் விளிம்பின் ஒரு பக்கத்தை வெளுப்பாக்கி மறு பக்கத்தைக் கறுப்பாக்குவது. ஒரு முறை செய்தால் கண்ணுக்குத் தெளிவு. மூன்று முறை செய்தால் விளிம்பை ஒட்டிப் புதிய கோடே தோன்றிவிடும். ஜேபெக் வேறு, ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்துக்கொள்ளும். காமிராவின் 14 பிட் ரா ஃபைலில் இருப்பது 16,384 படிகள். அதிலும் ஜேபெக் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாது என்று தான் நினைப்பதைத் தள்ளிவிடும்.

பழைய தமிழ் எண்களில் 4 என்பது ‘ச’ போல இருக்கும். 6 என்பது ‘சு’ போல இருக்கும். வித்தியாசம் கீழே உள்ள ஒரு சுழிதான். நம் கல்வெட்டில் அந்த எழுத்தின் காலடியில் கல் சற்றுப் பொரிந்திருந்தது. மூன்று முறை கூர்மையானதில் அந்தப் பொரிவின் விளிம்பு நீண்டு எழுத்தோடு சேர்ந்துகொண்டது. ௪ என்பது ௬ ஆகிவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சார், இதே கல்வெட்டில் நாலாவது வரியிலும் ‘சு’ வந்திருக்கிறது. அங்கே சுழி ஒரு மாதிரி, இங்கே வேறு மாதிரி இருக்கிறதே. ஒரே ஆள் வெட்டிய கல்தானே?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அன்றே திருப்பதிக்குப் போனேன். “சித்தப்பா, அந்த ஜேபெக்கை வைத்துக்கொண்டா எழுத்துப் படித்தீர்கள்? அது சும்மா பார்க்கக் கொடுத்தது” என்றான் பிள்ளை. நல்லவேளை, ரா ஃபைல்களை அவன் அழிக்கவில்லை.

தொடராக அல்ல, இணையாக

நான் மென்பொருள்களைத் தொடராக இணைத்திருந்தேன். ஒன்றின் பிழை அடுத்ததற்குள் போய் வளர்ந்தது. இணையாக வைத்திருக்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் மூல ரா ஃபைலிலிருந்தே தனித்தனியாகத் தொடங்க வேண்டும். பாலத்தின் அளவை ஒருவர் எடுத்த பிறகு, அவர் எழுதியதைப் பார்க்காமல் இன்னொருவர் எடுப்பார். இரண்டும் ஒத்தால் கையெழுத்து. ஒக்காவிட்டால் மறுபடி அளப்போம். இரண்டு மென்பொருளும் அதேபோல் இரண்டு சாட்சிகள். இரண்டும் வேறு வேறு சொல்லும் இடத்தில் பேசுவது கல் அல்ல, மென்பொருள்.

இப்போது நான் செய்யும் முறை இது.

1. காமிராவை ஸ்டாண்டில் சுவருக்கு நேராக நிறுத்தி, விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து, இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று என நான்கு படம். காமிராவும் லென்ஸின் துளை அளவும் மாறக்கூடாது. பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும்.

2. ஒவ்வொரு விளக்கு நிலையிலும், ஃபிரேமை முழுவதும் மறைக்கும் வெள்ளை அட்டையைச் சுவர்மேல் பிடித்து ஒரு படம். விளக்குப் பக்கம் வெளிச்சம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். ராதெரபியில் ‘ஃபிளாட் ஃபீல்ட்’ என்ற இடத்தில் இந்த வெள்ளைப் படத்தைக் கொடுத்தால், அந்த ஏற்றத்தாழ்வைக் கணக்குப் போட்டு நீக்கிவிடும். கேப்சர் ஒன்னிலும் எல்சிசி என்ற பெயரில் இதற்கு வழி உண்டு.

3. ரா ஃபைல்களை இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, நகலும் மூலமும் ஒன்றுதானா என்று செக்சம் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு டிஸ்கும் இரண்டு வீட்டில் இருக்கட்டும்.

4. ராதெரபியில் நியூட்ரல் நிலையில் திறந்து, ஃபிளாட் ஃபீல்ட் மட்டும் கொடுத்து, கூர்மையாக்காமல் 16 பிட் டிஃப் படமாக எடுக்க வேண்டும். அதே ரா ஃபைலை லைட்ரூமிலோ கேப்சர் ஒன்னிலோ திறந்து, கூர்மை, மெருகு எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு இறக்கி இன்னொரு 16 பிட் டிஃப். இந்தக் காமிராவின் ஒரு படம் இப்படிச் சுமார் 300 எம்பி வரும். இடம் போகிறதே என்று பார்க்கக் கூடாது.

5. இரண்டையும் ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமான கிம்ப்பிலோ ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ‘டிஃபரன்ஸ்’ என்ற முறையில் பார்க்க வேண்டும். ஒத்த இடம் இருட்டாகவும் ஒவ்வாத இடம் வெளிச்சமாகவும் தெரியும். ஓர் எச்சரிக்கை: சில மென்பொருள்கள் லென்ஸின் வளைவைத் தாமாகவே திருத்திவிடும், சில திருத்தா. அப்போது ஓரங்கள் பொருந்தாது. முதலில் பொருத்திவிட்டு, இரண்டின் வெளிச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும்.

6. இரு மென்பொருளும் ஒத்துக்கொண்டாலும் அது முடிவல்ல. இடது விளக்குப் படத்தையும் வலது விளக்குப் படத்தையும் ஒப்பிட வேண்டும். உளி வெட்டிய பள்ளத்துக்கு இரண்டு சுவர் உண்டு. இடமிருந்து வெளிச்சம் வந்தால் இடச் சுவரில் நிழல், வலமிருந்து வந்தால் வலச் சுவரில் நிழல். விளக்கு மாறினால் நிழல் பக்கம் மாறும். கறையோ சுண்ணாம்போ ஆனால் எப்படிப் பிடித்தாலும் அப்படியே இருக்கும்.

இந்த முறையில் பார்த்தபோது என் ‘சுழி’ கரைந்துபோயிற்று. நியூட்ரல் படத்தில் அங்கே கோடு இல்லை, மேலோட்டமான ஒரு பொரிவு மட்டும். எழுத்தின் பள்ளங்களில் நிழல் பக்கம் மாறியது. அந்த இடத்தில் ஒழுங்கான நிழலே விழவில்லை.

தொடராகச் செய்துதான் ஆக வேண்டும் என்றால்

கல்யாண வீட்டு வேலையில் தொடர் முறை தவிர்க்க முடியாது. நிறம் ஒன்றில், டச்சிங் வேறொன்றில். அது தவறில்லை. மூன்று விதிகள் போதும். மூட்டை மாற்றம் ஒரே தடவை இருக்க வேண்டும். அதுவும் 16 பிட் டிஃப்பாக, அகலமான நிற எல்லையில் இருக்க வேண்டும். கூர்மையாக்குவதைக் கடைசியில், பிரிண்ட் அளவு முடிவான பிறகு, ஒரே இடத்தில் செய்ய வேண்டும். ஜேபெக் என்பது வண்டி கடைசி ஸ்டேஷன் சேர்ந்த பிறகு கொடுக்கும் டெலிவரி. இடையில் ஏற்றி இறக்க அது உதவாது.

பட்டுப் புடவையோ ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணியோ எடுக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்ஸில் நுண்வரிகளை மழுங்கடிக்கும் வடிகட்டி கிடையாது. அதனால்தான் அவ்வளவு தெளிவு. ஆனால் நெசவின் வரிசையும் சென்சாரின் வரிசையும் மோதிக்கொண்டால், துணியில் இல்லாத வானவில் பட்டைகள் தோன்றும். இதுவும் ‘கல்லில் இல்லாத கோடு’ வகைதான். ஒரு மென்பொருளில் அது வந்தால் அதே ரா ஃபைலை இன்னொன்றில் திறந்து பாருங்கள். நிறத்தை ஊகிக்கும் கணக்கு வேறு என்பதால் குறையக்கூடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் வசதிகள் வந்திருக்கின்றன. முகத்துக்கும் பூவுக்கும் பயன்படலாம். கல்வெட்டுக்கு வேண்டவே வேண்டாம். வேறு ஆயிரம் படங்களில் கற்றதை வைத்து, இங்கே இப்படி இருந்திருக்கும் என்று அது வரைந்து கொடுக்கும். இருந்திருக்கும் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு.

ரா ஃபைலோடு ஒரு குறிப்பும் வையுங்கள். தேதி, விளக்கு எந்தப் பக்கம், மென்பொருளின் பெயர், பதிப்பு எண், செய்த திருத்தம். பதிப்பு மாறினால் படமும் சிறிது மாறக்கூடும். நாளை வேறொருவர் நம் வேலையைச் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

பலகை

தவறு தெரிந்த மறுவாரம் அந்த ஊருக்குப் போனேன். போவதற்கு வெட்கமாகத்தான் இருந்தது. பெரியவர்களிடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “ரெண்டு வருஷம்தானே சார், போகட்டும்” என்றார். இன்னொருவர், “அப்படிச் சொல்லக் கூடாது. கல்லில் என்ன இருக்கோ அதுதான் பலகையில் இருக்கணும்” என்றார். பலகையை அன்றே இறக்கினார்கள். புதிதாக எழுதும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். மன்னர் பெயரையும் முழு வாசகத்தையும் இங்கே நான் எழுதவில்லை. கல்வெட்டு அறிஞர்கள் பார்த்துச் சொல்லட்டும். படங்களை அவர்களுக்குக் கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறேன்.

பலகையை இறக்கிய பிறகு சுவரை மறுபடி பார்க்கலாம் என்று உள்ளே போனேன். தென்சுவர் முழுவதும் மஞ்சள் எனாமல் பெயிண்ட், இரண்டு கோட். எழுத்து இருந்த இடத்தைக் கையால் தடவினால்தான் தெரிகிறது. அந்தப் பெயிண்ட்டை முறையாக அகற்றும் நாள் வரும்வரை, அந்தக் கல்வெட்டை நாங்கள் எடுத்த நான்கு ரா ஃபைல்களில்தான் பார்க்க முடியும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சுவர் இருக்கும். பெயிண்ட் டப்பா வந்து இறங்கும் முன் உரியவர்களிடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்துவிடுங்கள். பெரிய காமிரா இல்லாவிட்டால் கையில் இருப்பது போதும், ரா ஃபைலாக எடுத்தால் சரி. எடுத்ததை அழிக்காதீர்கள்.